மிச்சம் பிடித்தல்

நம்மவர் பேச்சில் 'மிச்சம்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. உண்டபின் சட்டியிலும் பானையிலும் எஞ்சிக் கிடப்பது மிச்சம். செலவு போகக் கையிலே தங்குவதும் மிச்சம். "நேற்றைய கறி மிச்சம் கிடக்குது" என்று சொல்லும் அதே வாய்தான், "இந்த மாதம் கொஞ்சக் காசு மிச்சம் பிடிச்சிட்டன்" என்றும் சொல்கின்றது. ஒரே சொல் இவ்விரண்டையும் ஒருங்கே சுமப்பது தற்செயலென்று நான் எண்ணவில்லை. சட்டியின் அடியிலே மிஞ்சியதைக் காக்கத் தெரிந்த கையிலேதான் காசும் மிஞ்சும் என்பதைப் பட்டறிந்த ஒரு சமூகமே இச்சொல்லை இவ்வாறு ஆண்டிருத்தல் வேண்டும்.

இக்கட்டுரையில் நான் பேச எடுத்துக்கொண்டது அந்த மிச்சத்தைப் பற்றியே. மாதச் சம்பளத்தை நம்பி வாழும் ஆசிரியரும் எழுதுவினைஞரும், வாடகை அறையிலே தங்கித் தாமே உலை வைக்கும் மாணவரும் நாள்தோறும் முகங்கொடுக்கும் காரியம் இது. இலக்கியப் பக்கத்தில் அடுப்படிக்கு என்ன அலுவல் என்று கேட்போரும் இருக்கலாம். ஒரு சமூகத்தின் அறிவு முழுவதும் ஏட்டில் எழுதப்படுவதில்லை என்பதே அவர்களுக்கு நான் கூறும் விடை. எம்முடைய தாய்மார் எழுதாது விட்ட நூல்களுள் மிகப் பெரியது அடுக்களையிற் கிடக்கின்றது. அதைப் படிப்பதற்கும் ஒரு பயிற்சி வேண்டியிருக்கின்றது.

விலைவாசி நடத்திய பள்ளி

இலங்கையில் உணவின் விலை அரசாங்கங்களையே அசைத்திருக்கின்றது. இரண்டாம் உலகப் போரின்போது, 1942இல், அரிசிப் பங்கீடு வந்தது. சோறன்றிப் பிறிதறியாத வீடுகள் கோதுமை மாவைப் பிசையக் கற்றன. 1953இல் பங்கீட்டு அரிசியின் விலை கொத்துக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது, ஆகஸ்ட் 12ஆந் திகதி பெரும் ஹர்த்தால் மூண்டது. அவ்வாண்டு ஒக்டோபரிலே பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி துறந்தார். 1970களில் இறக்குமதி சுருங்கியபோது பாணுக்கு வரிசை நின்றோம். மரவள்ளிக்கிழங்கு அக்காலத்தில் எத்தனையோ குடும்பங்களின் இராச்சாப்பாடாயிற்று. 1990இன் பின்னர் பொருளாதாரத் தடைக்குள் அகப்பட்ட யாழ்ப்பாணம், மண்ணெண்ணெயைத் துளித்துளியாக அளந்து எரித்தது.

பின்னர் வந்தது 2022ஆம் ஆண்டு. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதமாக இருந்தது. பாமர மொழியிற் கூறினால், முந்திய ஆண்டு நூறு ரூபாவுக்கு வாங்கிய உணவுப் பொருளுக்கு ஏறக்குறைய இருநூறு ரூபா கொடுக்க நேர்ந்தது. சம்பளமோ அவ்வாறு இரட்டிக்கவில்லை. எரிவாயுச் சிலிண்டருக்காகத் தெருவோரத்தில் நாட்கணக்காகக் காத்திருந்த மக்கள், கொல்லையிலே மறந்துகிடந்த மூன்று கல் அடுப்பைத் தேடி மீண்டும் மூட்டினார்கள்.

இக்காலங்கள் ஒவ்வொன்றிலும் பழைய அறிவு திரும்பி வந்தது. நல்ல காலம் பிறந்ததும் அது மறைந்தது. பஞ்சத்துக்கு மட்டும் உரியதென்று நாம் அதனை ஒதுக்கி வைத்துவிட்டோம். சிக்கனம் வறுமையின் அடையாளம் என்ற கூச்சம் நம்மிடையே உண்டு. விருந்தினர் வந்த வீட்டிலே பழங்கறியை மறைத்து வைப்போர் எத்தனை பேர்!

மிச்சமும் எச்சிலும்

மிச்சம் வேறு, எச்சில் வேறு. இந்த வேறுபாட்டை எம் முன்னோர் மிகக் கண்டிப்பாகக் காத்தனர். உண்பவர் கை பட்டது எச்சில்; அது மாட்டுக்கோ நாய்க்கோ போகும். அகப்பையால் எடுத்துப் பரிமாறியபின் சட்டியில் நிற்பது மிச்சம். அது நாளைய உணவு. எனவே, சட்டிக்குள் கை வைத்தலும், உண்ட கையால் அகப்பையைத் தொடுதலும், ஈர அகப்பையைக் கறிக்குள் விடுதலும் வீட்டில் ஏச்சு வாங்கும் குற்றங்களாக இருந்தன. ஆசாரம் என்று அவர்கள் சொன்னதிலே உணவைக் காக்கும் விதி ஒன்றும் அடங்கியிருந்தது. இன்று பலர் மேசையிலே சட்டியோடு வைத்து, உண்ணும் கரண்டியாலேயே துழாவி எடுத்துவிட்டு, மறுநாள் கறி பழுதாய்ப் போயிற்றென்று குறைப்படுகின்றனர். மிச்சத்தைக் காக்கும் வேலை பரிமாறும்போதே தொடங்கிவிடுகின்றது.

ஒரு பானைச் சோறு

யாழ்ப்பாணத்து வீடொன்றில் ஒரு பானைச் சோறு எத்தனை வேளைக்கு உழைத்ததென்று பார்ப்போம். உலையில் இடுவதற்கு முன்னரே ஒரு பிடி அரிசியை எடுத்து வேறொரு கலத்தில் இடும் வழக்கம் பல வீடுகளில் இருந்தது. பிடியரிசி என்பது அதன் பெயர். மாத முடிவில் அது கோயிலுக்கோ அறப்பணிக்கோ போகும், அல்லது வீட்டுக்கே ஆபத்துக்கு உதவும். சைவப் பாடசாலைகளை வளர்ப்பதற்குப் பிடியரிசி சேர்த்த வரலாறும் எம்மிடையே உண்டு. ஒரு பிடி குறைந்ததை எந்த வயிறும் அறிவதில்லை. சேமிப்பு என்பது செலவுக்கு முன்னர் நிகழவேண்டும் என்று பொருளியல் ஆசிரியர்கள் வகுப்பிலே கற்பிப்பதை அந்தப் பிடியரிசிக் கலம் பேசாமலே கற்பித்தது.

அரிசி கழுவிய தண்ணீர் கழுநீர்ப் பானைக்குச் சென்று பசுவுக்கு ஆகும். சோறு வடித்த கஞ்சியில் உப்பும் சிறிது தேங்காய்ப்பாலும் விட்டுப் பிள்ளைகள் குடிப்பர். எஞ்சிய கஞ்சி சட்டை வேட்டிக்கு விறைப்பூட்டும். மத்தியானம் உண்டு, இரவும் உண்டு மிஞ்சிய சோற்றுக்குத் தண்ணீர் ஊற்றி மூடிவைத்தால், விடியற்காலையில் அது பழஞ்சோறு. அதைப் பிழிந்தெடுத்துத் தயிரோ தேங்காய்ப்பாலோ சேர்த்து, சின்ன வெங்காயமும் பச்சைமிளகாயும் நறுக்கியிட்டு, உப்பும் தேசிக்காய்ப் புளியும் விட்டால், வயலுக்குப் போகிறவன் நண்பகல் வரை தாக்குப்பிடிப்பான்.

குழையல் இதனினும் ஒரு படி மேலானது. முதல்நாட் கறிகள் ஒவ்வொன்றிலும் இரண்டொரு கரண்டி மிஞ்சியிருக்கும். கத்தரிக்காய்க் குழம்பு சிறிது, பருப்புச் சிறிது, கீரை சிறிது, மீன் குழம்பின் அடிமண்டி சிறிது. தனித்தனியே பார்த்தால் ஒருவருக்கும் போதாது. எல்லாவற்றையும் ஒன்றாக்கி, அடுப்பிலே சுண்டவைத்து, பழஞ்சோற்றைக் கொட்டிப் பிசைந்து, திரளை திரளையாக உருட்டிப் பிள்ளைகளின் உள்ளங்கையில் வைப்பார்கள். ஒருவருக்கும் தட்டு இல்லை; ஆகவே கழுவுவதற்கும் ஒன்றில்லை. என் அம்மம்மா திரளை உருட்டும்போது, எங்களில் யாருடைய திரளை பெரிதென்று ஒப்பிட்டுப் பார்த்துச் சண்டை பிடித்திருக்கின்றோம். புதிதாகச் சமைத்த எந்தக் கறிக்கும் நாங்கள் அவ்வாறு சண்டை பிடித்ததில்லை.

சோற்றுக்குச் சொன்னது மற்றவற்றுக்கும் பொருந்தும். மிஞ்சிய இடியப்பத்தை உதிர்த்து, வெங்காயமும் கறிவேப்பிலையும் செத்தல் மிளகாயும் தாளித்துப் பிரட்டினால் அது வேறொரு பலகாரம். புட்டும் அவ்வாறே. ஒரு பிடி சோற்றை உழுந்தோடு சேர்த்து அரைத்தால் தோசை மிருதுவாகும். காய்ந்த பாணை வாட்டித் தூளாக்கினால் கட்லட்டுக்கு உதவும். கட்டியாய்ப் போன பருப்பில் தண்ணீரும் புளியும் மிளகும் உள்ளியும் சேர்த்தால் இரசமாகும். இவை ஒன்றும் புதுமையல்ல என்று வாசகர்கள் கூறலாம். உண்மைதான். எல்லோர்க்கும் தெரிந்தும் பலரும் செய்யாது விட்டவை இவை.

கறிகளுக்கு ஒரு வரிசை

பழைய சமையலிலே நான் வியப்பது அதன் முன்யோசனையை. நாளைக்கு எது நிற்கும், எது நில்லாது என்று அறிந்தே இன்றைக்கு அடுப்பு மூட்டினார்கள். தேங்காய்ப்பால் விட்ட வெள்ளைக்கறியும் சொதியும் விரைவிலே நூல்விடும். அவை அன்றன்றைக்கு முடியவேண்டியவை. புளிவிட்ட குழம்பு நிற்கும். மீன் குழம்பு மறுநாள் இன்னும் சுவை கூடும். வறையும் பொரியலும் இடைப்பட்டவை. ஆதலால் பாற்கறியை அளவாகவும் புளிக்குழம்பைச் சற்று மிகையாகவும் வைத்தனர். இரவு படுக்குமுன் நிற்கும் கறிகளை மீண்டும் அடுப்பிலேற்றிச் சூடுகாட்டி வைத்தனர். அந்த நேரத்திலேயே நாளைய காலை உணவும் தீர்மானமாகிவிடும்.

குளிர்சாதனப் பெட்டி வந்தபின் இத்தீர்மானம் தள்ளிப்போயிற்று. பெட்டிக்குள் வைத்தவுடன் உணவைக் காப்பாற்றிவிட்டோம் என்ற நிம்மதி பிறக்கின்றது. மூன்றாம் நாள், ஒரு மூலையில் மூடியோடு கிடக்கும் கிண்ணத்தைத் திறந்து, முகத்தைச் சுளித்துக்கொண்டு கொட்டிவிடுகின்றோம். பெட்டியின் மேல் நான் குற்றஞ் சொல்லவில்லை. முன்னர் சட்டி கண்ணெதிரே இருந்து எம்மைக் கேள்வி கேட்டது. இப்போது அது கதவுக்குப் பின்னால் மௌனமாக இருக்கின்றது. அவ்வளவே வேறுபாடு. சந்தைக்குப் பையைத் தூக்குமுன் ஒருமுறை பெட்டியைத் திறந்து பார்த்து, இருப்பதைக் கொண்டு எத்தனை வேளை ஓட்டலாம் என்று எண்ணுவது போதும். மாதச் செலவிலே மாற்றம் தெரியும்.

சமைத்த கறி ஒன்றைக் கொட்டும்போது நாம் கொட்டுவது கத்தரிக்காயின் விலையை மட்டுமா? அதற்குள் தேங்காய் இருக்கின்றது, எண்ணெய் இருக்கின்றது, தூள் இருக்கின்றது, எரிவாயு இருக்கின்றது, ஒருத்தியின் அரைமணி நேர உழைப்பு இருக்கின்றது. ஐக்கிய நாடுகள் சுற்றாடல் நிகழ்ச்சித்திட்டம் 2024இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022இல் உலகின் வீடுகளிலே வீணான உணவு 63 கோடி தொன்னுக்கும் அதிகம். இந்த நாடு வரலாறு காணாத உணவு நெருக்கடியிலே தவித்த அதே ஆண்டுதான் அது.

பனையிடம் கற்றது

சமைத்தபின் மிஞ்சுவதைக் காப்பது ஒரு பகுதி; நறுக்கும்போது எறிவதைக் குறைப்பது மற்றப் பகுதி. வாழைக்காய்த் தோலை அவித்துத் துவையலாக்கலாம், வறையும் வைக்கலாம். முளைக்கீரையின் தண்டு குழம்புக்கு ஆகும். பலாப்பழம் தின்ற வீட்டிலே கொட்டையை மணலுக்குள் புதைத்து வைத்துப் பின்னர் கறிக்கும் கூழுக்கும் எடுப்பார்கள். மீன் தலை சொதிக்குப் போகும். வேப்பம்பூ உதிரும் காலத்தில் அதைப் பொறுக்கி உழுந்தோடு வடகமாக்கி வெயிலிலே காயவைத்தவர்கள், மரக்கறி விலை ஏறும் மாரியில் அதைப் பொரித்தெடுத்தார்கள்.

இவ்வறிவை எம்மவருக்குப் போதித்த ஆசான் பனையே என்று நான் நினைப்பதுண்டு. ஆடி ஆவணியில் விழும் பனம்பழத்தைச் சுட்டுத் தின்பார்கள். தின்று மிஞ்சிய களியைப் பாயிலே ஊற்றிக் காயவைத்தால் பனாட்டு. களி பிசைந்தெடுத்த கொட்டையை எறிவதில்லை. பாத்தி கட்டிப் புதைத்தால் சில மாதங்களில் பனங்கிழங்கு. கிழங்கை அவித்துண்ணலாம். பச்சையாகக் காயவைத்தால் ஒடியல்; அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். ஒடியலை மாவாக்கினால் பிட்டும் கூழும். கிழங்கைக் கிண்டும்போது பிளக்கும் கொட்டைக்குள்ளே பூரான் இருக்கும், அது பிள்ளைகளுக்கு. கடைசியில் மிஞ்சும் ஊமல் அடுப்புக்கு. தின்று எறியவேண்டிய ஒரு கொட்டையிலிருந்து ஆண்டு முழுவதற்கும் உணவு எடுத்த மக்களுக்கு, ஒரு கரண்டிக் கறியைக் கொட்ட மனம் வராததில் வியப்பென்ன?

அவதானம் வேண்டும்

பழையதெல்லாம் நல்லதென்று சாதிப்பது என் கருத்தன்று. சமைத்த சோற்றை வெறுமனே வெளியில் விட்டு வைத்தால் பசிலசு செரியசு என்னும் பற்றீரியா அதிற் பெருகக்கூடும். சோறு வேகும் வெப்பத்திலும் அதன் வித்திகள் தப்பிப் பிழைக்கும். அது விடும் நச்சுப்பொருள்களுள் ஒன்று மறுபடி சூடாக்கினாலும் அழிவதில்லை. பழஞ்சோற்றிலோ தண்ணீருக்குள் இலற்றிக் அமிலம் சுரக்கும் நுண்ணுயிர்கள் பெருகிப் புளிப்பேறுகின்றது. அப்புளிப்பு வேண்டாத கிருமிகள் பலவற்றை அடக்குகின்றது. ஆனாலும், தூய தண்ணீரும் தூய பானையும் இல்லாதவிடத்து அதனையும் நம்பலாகாது. நோயாளருக்கும் பச்சைக் குழந்தைகளுக்கும் அது வேண்டாம். மிஞ்சிய சோற்றையும் கறியையும் இரண்டு மணித்தியாலத்துள் குளிரில் வைத்து, உண்ணும்போது வேண்டிய அளவை மட்டும் எடுத்து ஆவி பறக்கச் சூடாக்குதல் நன்று. ஊசியதென்று ஐயம் வந்தால் கொட்டிவிட வேண்டும். மருந்துச் செலவு கறிச் செலவினும் பெரிது.

மிச்சம் யாருக்கு?

இனி, நான் சொல்ல வந்த முக்கியமான காரியத்துக்கு வருகின்றேன். மிச்சத்தைப் புகழ்ந்து பேசுவோர், அதை யார் உண்டார் என்று கேட்பதில்லை.

திருக்குறளின் விருந்தோம்பல் அதிகாரத்திலே 'மிச்சில்' என்ற சொல் வருகின்றது. விருந்தினரை முன்னர் உண்பித்து, எஞ்சியதைத் தான் உண்பவனை வள்ளுவர் அங்கே உயர்த்திப் பேசுகின்றார். வள்ளுவர் ஆண்பாலிற் சொன்னதை எம் வீடுகள் பெண்பாலில் நடத்தின. கணவனும் பிள்ளைகளும் விருந்தினரும் உண்டபின், கடைசியாக அடுக்களைத் தரையிற் குந்தி, அடிப்பிடித்த சோற்றைச் சுரண்டி, குழம்பு வழித்த சட்டிக்குள்ளேயே இட்டுப் பிரட்டி உண்டவள் தாய். "எனக்குச் சட்டிச் சோறுதான் விருப்பம்" என்று அவள் சொன்னதை நாம் நம்பினோம். நம்புவது எமக்கு வசதியாக இருந்தது. சட்டியில் ஒன்றும் மிஞ்சாத நாளிலே அவள் என்ன உண்டாள் என்பது எந்தக் கணக்குப் புத்தகத்திலும் எழுதப்படவில்லை.

2022இல் உலக உணவுத் திட்டம் இந்நாட்டில் நடத்திய ஆய்வுகள், பல குடும்பங்கள் உணவின் அளவைக் குறைத்ததையும் வேளைகளைத் தவிர்த்ததையும் எடுத்துக்காட்டின. அந்தத் தவிர்த்த வேளை வீட்டிலே யாருடையதாக இருந்திருக்கும் என்று ஊகிக்கப் பெரிய புலமை வேண்டியதில்லை. ஒருத்தியின் வயிற்றை வெட்டிப் பிடிக்கும் மிச்சம் மிச்சமாகாது. அது கடன், சோகையாகவும் நோயாகவும் பின்னர் வட்டியோடு திரும்பி வரும்.

இன்னொரு கசப்பையும் மறைத்தல் ஆகாது. கூலிக்கு வந்தவரை முற்றத்துக்கு வெளியே இருத்தி, சிரட்டையிலே பழங்கஞ்சி வார்த்த காலம் எம் ஊர்களில் இருந்தது. வீட்டுப் பிள்ளைக்குக் குழையலாக இனித்த அதே சோறு, அவ்விடத்தில் அவமதிப்பாகக் கசந்தது. பானையும் ஒன்று, சோறும் ஒன்று. கொடுத்த விதம் வேறு. கூடியிருந்து பகிரும் மிச்சம் உறவை வளர்க்கும். தனக்கு வேண்டாததைப் பிறனுக்குத் தள்ளிவிடும் மிச்சம் அவனைச் சிறுமைப்படுத்தும். இன்று கலியாண மண்டபத்தில் மிஞ்சிய உணவை அன்பர்கள் இல்லங்களுக்குக் கொண்டு சென்று கொடுக்கின்றார்கள், நற்பணிதான். அதைச் சூடு ஆறிக் கெடுமுன், பந்திக்கு வைத்த அதே மரியாதையோடு கொடுக்கின்றோமா என்று ஒவ்வொரு முறையும் எம்மை நாமே கேட்டுக்கொள்ளுதல் வேண்டும்.

ஆகவே, வீட்டிலே சிக்கனம் பேணுவோருக்கு நான் சொல்லக்கூடியது சிலவே. அரிசியைக் கண்மதிப்பில் இடாமல் சுண்டால் அளந்து இடுங்கள். நில்லாக் கறியை அளவாகவும் நிற்கும் கறியை நாளைக்குஞ் சேர்த்தும் வையுங்கள். கிழமையில் ஒரு நாள் புதிதாக ஒன்றும் வாங்காது, இருப்பதைக் கொண்டு சமையுங்கள். அந்த நாளிலாவது ஆண்பிள்ளைகள் அடுப்படிக்குப் போகட்டும். மிச்சத்தை ஆளத் தெரியாதவனுக்கு அதன் அருமையும் தெரியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, பழையதை உண்பதானால் வீட்டார் அனைவரும் ஒரே வேளையில் ஒன்றாக உண்ணுங்கள். புதியது உங்களுக்கும் பழையது அம்மாவுக்கும் என்ற பழைய பங்கீடு ஒழியட்டும்.

குழையல் சோற்றின் சிறப்பு அதன் சுவையிலே மட்டும் தங்கியிருக்கவில்லை. ஒரே சட்டியிலிருந்து ஒரே கை எல்லோர்க்கும் ஒரேயளவாகத் திரட்டிக் கொடுத்ததிலே இருந்தது. கடைசித் திரளை அந்தக் கைக்கும் உரியதாகட்டும். அப்போதுதான் நாம் உண்மையில் மிச்சம் பிடித்தவர்களாவோம்.